பூண்டு, எலி, இரத்தக் கட்டி

செவ்வாய்தோறும் எங்கள் இதயப் பிரிவின் புறநோயாளர் அறைக்கு வருவோரில் பெரும்பாலோர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்பவர்கள். செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்கள், காலிலோ நுரையீரலிலோ ஒரு முறை இரத்தக் கட்டி கண்டு மீண்டவர்கள். அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு எங்கள் கருத்துக்கு வருகிறோம். அவர் யாரென்று அறிய முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். எழுதுவதற்கு அவரும் அவர் மகனும் இசைவு தந்திருக்கிறார்கள்.

அந்த அம்மையாருக்கு வயது ஐம்பத்திரண்டு. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சிதைத்துவிட, பதினொரு ஆண்டுகளுக்கு முன் உலோக வால்வு பொருத்தப்பட்டது. கோயில் வாசலில் பூக்கட்டி விற்பது தொழில். பத்தாண்டுக் காலம் மாத்திரையை ஒருநாளும் தவறவிடாதவர், சென்ற மழைக்காலத்தில் மூன்று வாரம் அதை அடியோடு நிறுத்தியிருந்தார். அதற்கு மாற்றாகக் காலையில் வெறும் வயிற்றில் நசுக்கிய பச்சைப் பூண்டு நான்கு பல். கைப்பேசிக்கு யாரோ அனுப்பிய செய்தியொன்று காரணம். பூண்டுச் சாறு கொடுக்கப்பட்ட எலிகளின் இரத்தக் குழாயில் கட்டி உண்டாகவில்லை என்று ஆய்வகத்தில் மெய்ப்பித்துவிட்டார்களாம். ஆகவே மாத்திரை தேவையில்லையாம். முதற்பாதி ஏறத்தாழ உண்மை. இரண்டாம் பாதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

உலோக வால்வு உள்ளவர்களின் நெஞ்சிலிருந்து கடிகார முள்ளின் ஓசை போன்ற மெல்லிய ஒலி எழும். அமைதியான இரவில் அருகில் படுத்திருப்பவருக்கும் அது கேட்கும். ஓர் இரவு மகனுக்கு அந்த ஒலி மங்கிக் கேட்டது. விடிவதற்குள் தாய்க்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இங்கு கொண்டுவந்தபோது வால்வின் இரு இதழ்களில் ஒன்று கட்டியில் சிக்கி அசையாமல் நின்றிருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்து நரம்பு வழியே செலுத்தப்பட்டது; வால்வு திறந்தது; உயிர் பிழைத்தது. ஆனால் கரைந்த கட்டியின் ஒரு துணுக்கு மூளைக்குப் போய்விட்டது. வலக்கை விரல்கள் இன்றளவும் நாரைப் பிடித்து முடிச்சிட மறுக்கின்றன.

அந்தச் செய்தியை அனுப்பியவர் மீதோ, நம்பிய அம்மையார் மீதோ கோபம் கொள்வது எளிது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அவர் நம்பியது முழுப் பொய்யை அன்று. விலங்குகளில் உண்மையாகவே கண்டறியப்பட்ட ஒன்றை, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று விளக்க ஆளில்லாமல் நம்பினார். விளக்கியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். இக்கட்டுரை அந்தக் கடனின் ஒரு பகுதி.

முதலில் இரத்தம் எப்படி உறைகிறது என்று பார்ப்போம். ஏரிக்கரையில் உடைப்பு எடுத்தால் ஊரார் என்ன செய்வார்கள்? கைக்குக் கிடைத்த மணல் மூட்டைகளை ஓடிவந்து போடுவார்கள். நீரின் வேகம் மூட்டைகளைப் புரட்டிவிடாமலிருக்கச் சவுக்குக் கழிகளை ஊன்றிக் குறுக்கே ஓலையும் தழையும் வைத்துப் பின்னுவார்கள். உடலிலும் இவ்வாறே இரண்டு வேலைகள் நடக்கின்றன. குழாயில் காயம் பட்டவுடன் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தட்டணுக்கள் மணல் மூட்டைகள். அவற்றைச் சுற்றி ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலை பின்னுவது கழியும் தழையும். ஃபைப்ரின் வலை உருவாகப் பல உறைவுப் புரதங்கள் வரிசையாகத் தூண்டப்பட வேண்டும். அவற்றுள் நான்கைக் கல்லீரல் உருவாக்குவதற்கு வைட்டமின் கே இன்றியமையாதது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுப்பவை. மாரடைப்பு வந்தவர்களுக்குத் தரப்படுபவை. வார்ஃபரினும் அசெனோகூமராலும் வைட்டமின் கேயின் வேலையைத் தடுத்து வலை பின்னப்படுவதைக் குறைப்பவை; உலோக வால்வு உள்ளவர்களுக்குத் தரப்படுபவை. இரண்டையும் ‘இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை’ என்று ஒரே பெயரால் நாம் எல்லோரும், மருத்துவர்களாகிய நாங்கள் உட்பட, சொல்லிவருகிறோம். இந்தச் சோம்பல் மொழி பெருந்தீங்கு செய்திருக்கிறது. மாத்திரையால் இரத்தம் நீர்ப்பதில்லை. உறையும் வழிகளில் ஒன்று மெதுவாகிறது. எந்த வழி என்பது மாத்திரைக்கு மாத்திரை வேறுபடும்.

இனிப் பூண்டு. முழுப் பல்லில் அல்லியின் என்ற பொருள் வாசமின்றி அடங்கிக் கிடக்கிறது. பல்லை நசுக்கும்போது, அதுவரை தனியே இருந்த நொதியொன்று அல்லியினோடு கலந்து அதை அல்லிசினாக மாற்றுகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அல்லிசினுடையது. நசுக்கிய பூண்டை எண்ணெயில் ஊறவைத்தால் அஜோயின் என்ற மற்றொரு பொருள் உண்டாகிறது. பூண்டைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. அமெரிக்க வேதியியலாளர் எரிக் பிளாக்கும் வெனிசுவேலாவைச் சேர்ந்த ஆய்வாளர்களும் 1984இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. நாய்களின் இரத்தத்தை உடலுக்கு வெளியே கருவியில் சுழலவிட்டுச் செய்த சோதனைகளில், கருவியின் பரப்பில் தட்டணுக்கள் தூண்டப்படுவதை அஜோயின் தடுத்தது. குவைத்தில் எலிகளுக்கு நான்கு வாரம் பூண்டுச் சாறு கொடுத்துச் செய்த ஆய்வொன்று 1996இல் வெளியானது. தட்டணுக்கள் ஒன்றையொன்று அழைக்கப் பயன்படுத்தும் த்ராம்பாக்சேன் என்ற பொருள் அந்த எலிகளின் இரத்தத்தில் குறைந்திருந்தது. வேகவைத்த பூண்டுக்கு அந்த ஆற்றல் பெரிதும் குறைந்துபோயிருந்தது.

ஆக, பூண்டைப் பற்றி நம் பாட்டிமார் சொன்னவற்றுள் எல்லாமே மூடநம்பிக்கை என்று எவரேனும் சொன்னால் அவர் விலங்கு ஆய்வுகளைப் படிக்காதவர். அவற்றைப் படித்த பிறகு எங்களுக்கு எழும் முதற்கேள்வி வேறு. பூண்டின் வேலை பெரும்பாலும் மணல் மூட்டைகளிடத்தில். உலோக வால்வின் மீது கட்டி வளர்வது பெரும்பாலும் வலையால். அம்மையாரின் பூண்டு எலிக்குச் செய்ததையெல்லாம் அவருக்கும் அட்சரம் பிசகாமல் செய்திருந்தாலும் வால்வைக் காப்பாற்றியிருக்காது. நன்கு அளவிடப்பட்ட ஆஸ்பிரின்கூட உலோக வால்வுக்குத் தனியாகப் போதாது.

விலங்கில் கண்டது மனிதரில் பொய்த்துப்போவது மூலிகைகளுக்கு மட்டும் நேர்வதும் அன்று. டாபிகாட்ரான் என்ற புதிய உறைவுத்தடுப்பு மருந்து, மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டாத மருந்து, உலோக வால்வு பொருத்தப்பட்ட பன்றிகளில் நம்பிக்கையூட்டும் பலனைத் தந்தது. பன்றியின் இதயம் அளவிலும் அமைப்பிலும் நம் இதயத்தை ஒத்தது. அதன் பிறகு மனிதரில் சோதித்தார்கள். 252 பேர் சேர்ந்திருந்த நிலையில் ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. புதிய மருந்து பெற்றவர்களில் ஒன்பது பேருக்குப் பக்கவாதம். வார்ஃபரின் பெற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. இரத்தக் கசிவும் புதிய மருந்தில்தான் கூடுதல். முடிவுகள் 2013இல் வெளியாயின. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறிய பலருக்கு இன்று பயன்தரும் அதே மருந்து உலோக வால்வு உள்ளவர்களுக்கு விலக்கப்பட்டது. பெரும் பொருட்செலவில், தூய வடிவில், அளவு பிசகாமல் தயாரிக்கப்பட்ட மருந்தே பன்றியிலிருந்து மனிதருக்கு வரும் பாதையில் தடுக்கி விழுந்திருக்கிறது. எலியிலிருந்து அம்மியில் நசுக்கிய பூண்டு வரையிலான பாதை இன்னும் நெடியது.

இதனால் விலங்கு ஆய்வுகள் வீண் என்று முடிவுகட்டிவிடலாகாது. அப்படி எண்ணுபவர்களுக்கு, தாங்கள் விழுங்கும் வார்ஃபரின் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல விரும்புகிறோம். எங்களுக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. சற்று நீட்டிச் சொன்னால் பொறுத்தருள்க.

1920களில் கனடாவிலும் வட அமெரிக்காவின் வடபகுதிகளிலும் மாடுகள் விந்தையான முறையில் மடிந்தன. கொம்பு தீய்த்தாலும் காயடித்தாலும் இரத்தம் நிற்கவில்லை. சில மாடுகள் காயமேதும் இல்லாமலே உள்ளுக்குள் இரத்தம் கசிந்து இறந்தன. கிருமி எதுவும் கிட்டவில்லை. ஒண்டாரியோ கால்நடைக் கல்லூரியில் பணியாற்றிய ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு, இறந்த மாடுகள் இனிப்புக் குளோவர் என்ற தீவனப் புல்லைத் தின்றவை என்பதைக் கவனித்தார். நல்ல புல் அன்று. ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோல். ஒரே போரிலிருந்து கெடாத தண்டுகளையும் கெட்ட தண்டுகளையும் தனித்தனியே பிரித்து முயல்களுக்குக் கொடுத்தார். கெடாததைத் தின்ற முயல் பிழைத்தது. கெட்டதைத் தின்றது இரத்தக் கசிவால் இறந்தது. எளிமையான சோதனை, ஆனால் ஒப்பிட ஒன்றை உடன்வைத்துச் செய்த சோதனை.

உழவர்கள் பலர் எச்சரிக்கையைக் கேட்டும் கேட்கவில்லை. வேறு தீவனம் வாங்கக் கையில் காசில்லாத காலம். 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்து உழவர் எட் கார்ல்சன், இறந்த கிடேரி ஒன்றையும், பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், புல் மூட்டையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து மேடிசன் நகருக்கு வந்தார். கால்நடைத் துறை அலுவலகம் மூடியிருந்தது. விளக்கெரிந்த கட்டடம் ஒன்றில் நுழைந்தார். அது வேதியியலாளர் கார்ல் பால் லிங்கின் ஆய்வகம். அன்று அவருக்கு உதவ லிங்கால் இயலவில்லை. புல்லை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஆனால் அந்தப் பால் கேன் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது. அதன் பின் ஆறாண்டு உழைப்பில், 1939இல், கெட்ட புல்லிலிருந்து தூய படிகம் பிரிந்தது. புல்லில் இயல்பாக இருக்கும் கூமரின் என்ற மணப்பொருளைப் பூஞ்சணம் டைகூமராலாக மாற்றிவிடுகிறது என்று தெரியவந்தது.

அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் முதலில் எலிமருந்தாகவே கடைக்கு வந்தது. 1951இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள அதை அளவின்றி உட்கொண்டார். வைட்டமின் கே கொடுத்து அவரைப் பிழைக்கவைத்தார்கள். மாற்று மருந்து இருக்கிறது, அளவறிந்தால் மனிதருக்கும் கொடுக்கலாம் என்ற துணிவு பிறந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. மறு ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கே அது கொடுக்கப்பட்டது. ‘எலிமருந்தையா எனக்குத் தருகிறீர்கள்?’ என்று எங்களிடம் சினந்து கேட்டவர்கள் உண்டு. ஆம் என்பதே விடை. ஆனால் முயலுக்கும் மனிதருக்கும் இடையே முப்பதாண்டுக் காலச் சோதனையைக் கடந்து வந்த எலிமருந்து.

இன்னொன்றும் இந்த வரலாற்றில் இருக்கிறது. மாடுகளைக் கொன்றது புல். செயற்கை எதுவும் அதில் கலக்கவில்லை. மேய்ச்சல் நிலத்துப் புல்லும் மழையும் இயற்கையான பூஞ்சணமும் சேர்ந்து உண்டாக்கிய பொருள் அது. ‘இயற்கைதானே, என்ன செய்துவிடும்?’ என்ற கேள்விக்கு அந்தக் கிடேரியைவிட நல்ல விடை எங்களிடம் இல்லை.

அளவைப் பற்றியும் சில சொற்கள். குவைத் ஆய்வில் எலிகளுக்குக் கொடுத்த அளவுகளில் ஒன்று, உடல் எடையில் கிலோவுக்கு 500 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ளவர் இதை அப்படியே பெருக்கினால் முப்பது கிராம் வரும். ஆனால் எலியின் உடல் நம்முடையதைவிட விரைவாகப் பொருள்களைச் செரித்து வெளியேற்றுவது. ஆகையால் மருந்தியலாளர்கள் உடற்பரப்பைக் கணக்கில் கொண்டு எலியின் அளவை ஏறத்தாழ ஆறால் வகுப்பார்கள். அப்படிச் செய்தால் ஐந்து கிராமுக்கும் குறைவு. இரண்டு கணக்குக்கும் இடையே ஆறு மடங்கு வேறுபாடு. கைப்பேசிச் செய்தியை எழுதியவர் எந்தக் கணக்கைப் போட்டார்? நான்கு பல் என்பது எங்கிருந்து வந்தது? நாட்டுப்பூண்டின் நான்கு பல்லா, கொடைக்கானல் மலைப்பூண்டின் நான்கு பல்லா?

சோதனைக்கூட எலிகள் பெரும்பாலும் இளம்வயதினவாக, ஒரே குலத்தினவாக, ஒரே தீவனம் உண்பனவாக இருக்கும். அவற்றுக்குச் சர்க்கரை நோய் இல்லை. சிறுநீரகக் கோளாறு இல்லை. ஐந்தாறு மாத்திரைகள் இல்லை. அதிலும், எலிக்கு எலியே ஒத்துப்போவதில்லை. 1958இல் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினைத் தின்றும் சாகாத எலிகள் காணப்பட்டன. அவற்றின் மரபணுவில் ஒரு மாற்றம். அதே மரபணுவில் மனிதரிடையே உள்ள வேறுபாடுகளும் ஒரு காரணமாக, எங்கள் அறையில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மில்லிகிராம் போதும். அடுத்த நாற்காலியில் இருப்பவருக்கு எட்டு வேண்டும். இந்த வேறுபாட்டை அளக்கத்தான் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனைக்கு உங்களை அடிக்கடி அழைக்கிறோம்.

அந்தப் பரிசோதனையைப் பற்றிப் பலரும் அறியாத ஒன்று உண்டு. ஐ.என்.ஆர். வலை பின்னும் வேகத்தை மட்டுமே அளக்கிறது. தட்டணுக்களின் ஒட்டும் திறனை அது காட்டாது. ஆகவே மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டு, கூடவே பூண்டு மாத்திரையையும் பச்சைப் பூண்டையும் அளவின்றிச் சேர்ப்பவரின் அட்டையில் எண் 3 என்று அழகாக இருக்கும். ஆனால் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வரும். மாத்திரையை நிறுத்திப் பூண்டுக்கு மாறுவது ஒரு தவறு என்றால், மாத்திரையின் மேல் மறைவாகப் பூண்டை ஏற்றுவது அதற்கு எதிர்த்திசைத் தவறு. 1990இல் வெளியான மருத்துவக் குறிப்பொன்றில், நாள்தோறும் மிகுதியாகப் பூண்டு உண்டுவந்த எண்பத்தேழு வயது முதியவருக்கு அடியேதும் படாமலே தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கசிந்து கால்கள் செயலிழந்தது பதிவாகியிருக்கிறது. ஒரே ஒருவர்தான், அவரைக் கொண்டு எல்லோரையும் அச்சுறுத்த மாட்டோம். மேலும், வார்ஃபரின் உட்கொள்வோருக்குப் பூண்டுச் சாறு கொடுத்துச் செய்த சிறிய ஆய்வொன்றில் இரத்தக் கசிவு கூடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அறுவைச் சிகிச்சைக்கு ஏழு நாள் முன்னரே பூண்டு மருந்துகளை நிறுத்துமாறு மயக்கவியல் வல்லுநர்கள் கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. தட்டணுவின் ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள். பழையவை போய்ப் புதியவை வர அவ்வளவு காலம் ஆகும். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்யும்போது அங்கே கசியும் சில துளி இரத்தம் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த முதியவரின் கதையே சொல்லிவிட்டது.

அப்படியானால் பூண்டுக் குழம்பு கூடாதா, இரசத்தில் தட்டிப் போடலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக உண்ணுங்கள். சமையலில் சேரும் அளவு வேறு, மருந்தாக உட்கொள்ளும் அளவு வேறு. வெப்பத்தில் அந்த நொதி செயலிழக்கிறது. முழுப் பல்லாகக் கொதிநீரில் ஆறு நிமிடம் கிடந்தாலே தட்டணுத் தடுப்பாற்றல் போய்விடுவதையும், நசுக்கிவிட்டுச் சமைத்தால் அதில் ஒரு பகுதி எஞ்சுவதையும் ஆர்ஜென்டினா ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுக்கும் வழக்கத்தோடு எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. அவள் உறைவுத்தடுப்பு மருந்து உட்கொள்பவளாக இருந்தால் மட்டும் எங்களிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

உண்மையில் எங்கள் நோயாளிகளின் ஐ.என்.ஆரை மிகுதியாக ஆட்டிப்படைப்பது பூண்டன்று, கீரை. முருங்கைக் கீரையிலும் மற்றப் பசுங்கீரைகளிலும் வைட்டமின் கே நிறைந்திருக்கிறது. அது மாத்திரையின் வேலையைக் குறைக்கும். சிலர் இதைக் கேட்டுவிட்டுக் கீரையையே கைவிடுகிறார்கள். வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறை உண்பவர் இரண்டு முறையே உண்ணட்டும். ஆடி மாதம் கூழோடு நாள்தோறும் முருங்கைக் கீரை, அடுத்த மாதம் ஒன்றுமில்லை என்னும் ஏற்றத்தாழ்வே தொல்லை.

இனி எங்கள் குறை. அந்த அம்மையார் மாத்திரையை நிறுத்தியதற்குப் பூண்டின் மீதிருந்த பற்று மட்டும் காரணம் என்று தொடக்கத்தில் எண்ணியிருந்தோம். உடல் தேறிய பின் அவரே சொன்னார்: “மாசாமாசம் ரத்தம் குடுக்க வர்றதுக்கு ஒருநாள் வியாபாரம் போயிடுதுங்க. முகூர்த்த நாளா அமைஞ்சிட்டா சொல்லவே வேண்டாம். பூண்டுக்கு டெஸ்ட் இல்லைன்னு போட்டிருந்துச்சு.” பேருந்துக் கட்டணம், ஒரு நாள் வருமானம், நண்பகல் வரை வரிசை. எலி ஆய்வைவிட இவையே அவரை அதிகமாக ஈர்த்தன, அல்லது விரட்டின. ஐ.என்.ஆர். முடிவுக்காக ஒருவரை ஆறு மணி நேரம் காக்கவைக்கும் நாங்கள், ‘ஏனம்மா நிறுத்தினீர்கள்?’ என்று கேட்பதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

மற்றொன்று. அவருடைய பத்தாண்டுக் கோப்பைப் புரட்டினோம். ‘வேறு மருந்துகள்’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் நாங்கள். பூண்டு, சுக்கு, மஞ்சள், வெந்தயம், சூரணம், லேகியம், கடையில் வாங்கிய மூலிகைக் குளிகை என்று பெயர் சொல்லி யாரும் கேட்கவில்லை. ‘வேறு மருந்து ஏதாவது?’ என்று கேட்டால், பூண்டை மருந்தென்று எண்ணாதவர் இல்லையென்றுதான் சொல்வார். அவ்வாறு சொன்ன ஒரு சிலரைப் பார்த்து எங்களில் சிலர் நகைத்ததும் உண்டு. நகைப்புக்கு ஆளானவர் அடுத்த முறை வாய் திறப்பதில்லை. மறைத்தவர் நோயாளி என்று நாம் பழிக்கிறோம். மறைக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்?

சித்த மருத்துவரிடம் செல்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம். செல்லுங்கள், ஆனால் வால்வு அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். நல்ல மருத்துவர் எந்த முறையைச் சேர்ந்தவராயினும் அந்த அட்டையைப் பார்த்தவுடன் தம் சீட்டை ஒருமுறை திருத்துவார். அட்டையைப் பார்க்க மறுப்பவரிடமிருந்து, அவர் எங்கள் முறையினரே ஆனாலும், விலகி வந்துவிடுங்கள். ‘எலியில் நிரூபிக்கப்பட்டது’ என்று யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம்: எந்தப் பகுதியை, எப்படிப் பக்குவம் செய்து கொடுத்தார்கள்? தட்டணுவை அளந்தார்களா, உறைவுப் புரதத்தையா? என்னைப் போல் மாத்திரை உட்கொள்பவரில் பார்த்தார்களா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் விடை இருக்காது. அப்போது அந்தச் செய்தியைத் தூக்கியெறிய வேண்டாம், எங்களிடம் கொண்டுவாருங்கள். படித்துப் பார்ப்பதில் எங்களுக்கும் ஆர்வம் உண்டு. ஒருநாள் அவற்றுள் ஒன்று, பூஞ்சணம் பிடித்த புல்லைப் போல, நல்ல மருந்தாக மாறவும் கூடும்.

இம்மாதம் முதல் எங்கள் அறையின் படிவத்தில் அந்தக் கட்டத்தை மாற்றியிருக்கிறோம். வீட்டு மருந்துகள் ஒவ்வொன்றும் பெயரோடு அச்சிடப்பட்டிருக்கும். செவிலியர் ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்பார். நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வரும்போது வீட்டில் உட்கொள்ளும் எல்லாவற்றையும், டப்பாவோ பொட்டலமோ, ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள். ஐ.என்.ஆருக்கு மட்டும் வருபவர்கள் காலை ஏழரை மணிக்கே இரத்தம் கொடுத்துவிட்டுப் போகலாம். முடிவையும் மாத்திரை அளவையும் மாலையில் தொலைபேசியில் தெரிவிக்கிறோம். அந்தக் கோரிக்கை அம்மையாருடையது.

அவர் சென்ற செவ்வாயன்று வந்திருந்தார். எண் 2.9. இப்போது மகன் பூக்கட்டுகிறார். தாய் பக்கத்தில் அமர்ந்து இடக்கையால் மொட்டுகளைப் பிரித்து வைக்கிறார். பையிலிருந்து சுக்குப் பொடி டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, “இதை எழுதிக்கிட்டீங்களா?” என்று செவிலியரிடம் கேட்டார். எழுதியிருக்கவில்லை. எழுதிக்கொண்டோம்.